கம்பவுண்டரைத் தாண்டிப் போன படிப்பு

உலகத்தின் எந்த மூலையில் பார்மசி படித்தாலும் திருநெல்வேலியின் பெயரை ஒரு முறையாவது எழுதாமல் தேறுவது கஷ்டம். 'டின்னவெல்லி சென்னா' என்று பாடநூலில் இருக்கும். நம் ஊரில் அது நிலாவரை. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் அந்த இலை தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போனதால் ஊர்ப்பெயரும் கூடவே போய்விட்டது. அதற்குப் போட்டி, எகிப்து வழியாக வந்த அலெக்சாண்டிரியா சென்னா. இலை முழுதாக இருந்தால் இரண்டையும் பழகிய கண் பிரித்துவிடும். நொறுங்கிய துணுக்காக வந்தால்தான் வேலை.

துணுக்கைக் குளோரல் ஹைட்ரேட் கரைசலில் போட்டுக் கொதிக்கவைத்து நிறம் போக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தால் நரம்புகள் பின்னிப் பின்னிச் சின்னச் சின்னத் தீவுகளாகத் தெரியும். கேமரா லூசிடாவைப் பொருத்தி, ஒரு கண்ணால் இலையையும் காகிதத்தையும் சேர்த்துப் பார்த்தபடி அந்தத் தீவுகளை வரைய வேண்டும். பிறகு ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் எத்தனை தீவு என்று எண்ண வேண்டும். திருநெல்வேலி இலைக்கு 19.5 முதல் 22.5 வரை வரும். அலெக்சாண்டிரியா இலைக்கு 25 முதல் 29.5 வரை. எல்லைக்கோட்டைத் தொடும் தீவுகளை இரண்டு பக்கம் சேர்க்கலாம், மற்ற இரண்டு பக்கம் தள்ளிவிட வேண்டும். இதில் குழம்பாத மாணவரை நான் பார்த்ததில்லை.

பார்மகாக்னசி என்று முழுப்பெயர் யாரும் சொல்ல மாட்டார்கள். மாணவர் வாயில் அது வெறும் 'காக்னசி'. அந்தப் பாடத்தைத்தான் ஓய்வு பெறும்வரை நடத்தினேன். வருடா வருடம் ஏதாவது ஒரு பிள்ளை, வலிக்கிற கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்கும்: "மேடம், மெடிக்கல் ஷாப்ல உட்கார்ந்து இதையா எண்ணப் போறோம்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சிலபஸில் கிடையாது, சரித்திரத்தில் இருக்கிறது. நம் நாட்டில் மருந்துப் படிப்பு பல்கலைக்கழகத்துக்குள் போனது நோயாளியைக் கவனிக்க இல்லை, மருந்தில் கள்ளம் பிடிக்க. அதன் நன்மையும் அதன் ஊனமும் அங்கிருந்தே வருகின்றன என்பது என் கட்சி.

கள்ளம் பிடிக்கும் வேலை சென்னையில் வெகுநாள் முன்பே ஆரம்பித்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த வைட்லா ஐன்ஸ்லி 1813இல் சென்னையிலேயே ஒரு பெரிய மருந்துப்பொருள் நூலை அச்சிட்டார். கடைத்தெருவில் கிடைக்கும் சரக்குகளுக்குத் தமிழ்ப் பெயரும் அதில் உண்டு. நாட்டு வைத்தியர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. அரை நூற்றாண்டு கழித்து அதே ஊரில் மொகிதீன் ஷெரீப் வருகிறார். திருவல்லிக்கேணி மருந்தகத்தின் மருத்துவர். எட்வர்ட் வாரிங் தொகுத்த 'பார்மகோபியா ஆஃப் இந்தியா' 1868இல் வெளிவந்ததும், அதற்குத் துணையாக இந்தியப் பெயர்களின் ஒரு தொகுதியை இவர் தயாரித்தார். ஒரே பெயரில் மூன்று சரக்கு, ஒரே சரக்குக்கு நான்கு பெயர் என்று கிடந்த நாட்டுமருந்துக் கடைகளுக்குள் புகுந்து, எது எது என்று உட்கார்ந்து பிரித்த மனிதர். அவருடைய 'மெட்டீரியா மெடிக்கா ஆஃப் மெட்ராஸ்' அவர் காலமான பிறகு 1891இல் வந்தது. அதைச் செப்பனிட்டுக் கொடுத்தவர் டேவிட் ஹூப்பர். ஊட்டியில் அரசாங்கத்தின் குயினைன் ரசாயனி. எந்தப் பட்டமும் இல்லாத காலத்துக் காக்னசி வாத்தியார் என்று ஷெரீப்பைத்தான் நான் வகுப்பில் சொல்வேன். அவர் பெயரில் நம் கல்லூரிகளில் ஒரு ஆய்வுக்கூடமாவது இருக்கலாம்.

இன்னொரு பக்கம் மருந்து கலக்கும் ஆட்களைத் தயாரிக்கும் வேலை. 1835இல் சென்னையில் தொடங்கிய மருத்துவப் பள்ளி டாக்டர்களை உருவாக்க வைத்ததில்லை. ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு அப்பாத்திக்கரிகளும் டிரெஸ்ஸர்களும் தேவைப்பட்டார்கள், அதற்காக வைத்தது. 1850இல் அது கல்லூரி ஆனது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மருந்தாளருக்கென்று அங்கே தனி வகுப்பும் வந்துவிட்டது. தேறியவர் 'கெமிஸ்ட் அண்ட் டிரக்கிஸ்ட்' என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பலகை மாட்டியவர்கள் பெரிய ஊர்களோடு சரி. தாலுகா ஆஸ்பத்திரியில் சன்னலுக்குப் பின்னால் நின்றவர் கம்பவுண்டர்.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் நடந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்றுக்கொடுத்தார். ரசாயன நூலுக்கு 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்து 1875இல் அச்சேற்றினார்கள். இந்திய மருந்துநூலையும் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வழி அப்படியே நீண்டிருந்தால் கம்பவுண்டர்களுக்கும் ஒரு படிப்பு அவர்கள் மொழியில் கிடைத்திருக்கும். நீளவில்லை.

என் பெரியப்பா ஒரு கம்பவுண்டர். தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி. காலை ஏழு மணிக்கே ஜனங்கள் வீட்டிலிருந்து காலி பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். முந்தின நாளே பெரிய ஜாடிகளில் மருந்து கலந்து வைத்திருக்கும். கார்மினேட்டிவ் மிக்சர் என்றால் சோடா பைகார்பனேட், ஏலக்காய் டிங்சர், இஞ்சி டிங்சர், குளோரோஃபார்ம் தண்ணீர். சிவப்பாக இருக்கும். டாக்டர் சீட்டில் லத்தீன் எழுத்தாக ரெண்டு கிறுக்கல் இருக்கும். பெரியப்பா அதைப் பார்த்தமாதிரியும் தெரியாது, ஜாடிக்குக் கை போயிருக்கும். பாட்டிலின் பக்கவாட்டில், வேளைக்கு ஒரு படி என்று ஓரம் வெட்டிய காகிதத் துண்டைப் பசை தடவி ஒட்டிக் கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எவ்வளவு குடிப்பது என்று அந்த வெட்டு சொல்லிவிடும். "ஆட்டிக் குடிக்கணும் தாயி, அடியில தங்கிரும்" என்று ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வார். ஒரு பாட்டி, போன தடவை கொடுத்த ரோஸ் கலர் மருந்துதான் வேணும் என்று பிடிவாதம் பிடிப்பாள். அவருக்கு அதுவும் வேலையில் சேர்த்தி.

எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் கலக்கும் எமல்ஷன் அவர் கைக்கு வெகு லேசு. நாலு பங்கு எண்ணெய், ஒரு பங்கு அக்கேசியா பிசின், கல்வத்தில் போட்டு ஒரு சுற்று. ரெண்டு பங்கு தண்ணீரை ஒரே மூச்சாக ஊற்றி, ஒரே திசையில், நிறுத்தாமல் வேகமாக ஆட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் 'சடசட'வென்று ஒரு சத்தம் வரும். குழம்பு வெள்ளை வெளேர் என்று மாறும். சத்தம் வராவிட்டால் தூக்கிக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. பி.ஃபார்ம். பார்மசூட்டிக்ஸ் லேபில் எங்களுக்கு இதையே வெள்ளைக் கோட்டு மாட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். ரெக்கார்ட் நோட்டில் கொள்கை, செய்முறை, லேபிள் எல்லாம் எழுதினோம். வந்த சத்தம் மட்டும் அதே சத்தம்.

அந்தக் கைக்குப் பட்டம் தராமல் வேறு யாருக்கோ பட்டம் தந்ததுதான் கதையின் முக்கியமான வளைவு. அதற்குக் காரணம் குயினைன்.

குயினைன் தரும் தென்னமெரிக்கச் சின்கோனா மரத்தை 1860இல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். ஊட்டித் தோட்டத்தின் மேற்பார்வையாளர் மெக்ஐவர் பொறுப்பில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் மரங்கள் எழும்பின. நடுவட்டத்தில் அரசாங்கக் குயினைன் ஆலை வந்தது. மலேரியாவுக்கு அன்று வேறு மருந்து கிடையாது. எவ்வளவு செய்தாலும் போதவில்லை, வெளிநாட்டிலிருந்தும் இறக்கினார்கள். தட்டுப்பாடும் விலையும் சேர்ந்த இடத்தில் கள்ளச்சரக்கு வராமல் இருக்குமா? குயினைன் கொஞ்சமாக இருந்த மாத்திரைகளும் குயினைனே இல்லாத மாத்திரைகளும் சந்தையில் புரண்டன. மனிதன் வேளை தவறாமல் முழுங்குவான், காய்ச்சல் விடாது. டாக்டர் அளவைக் கூட்டுவார்.

கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நீர்த்த கந்தக அமிலத்தில் குயினைனைக் கரைத்து வெளிச்சத்தில் காட்டினால் இளநீலமாக ஒளிரும். புரோமின் தண்ணீர் சில சொட்டு விட்டு அம்மோனியா சேர்த்தால் மரகதப் பச்சை வரும். இந்தப் பச்சையைக் காட்டத் தெரிந்த ஆளும் சட்டமும் இரண்டுமே நாட்டில் இல்லை. வெளிநாட்டில் விற்க முடியாத மட்டச் சரக்கு இங்கே தாராளமாக இறங்கியது.

1927இல் ஹாரூன் ஜாஃபர் மத்திய மேலவையில் இதற்காக ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 1930இல் சர்க்கார் ஒரு விசாரணைக் குழுவைப் போட்டது. தலைவர் ராம்நாத் சோப்ரா. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியர். பிற்காலத்தில் நாட்டு மூலிகைகளைப் பற்றிய அவருடைய நூலைத் தொடாமல் எந்தக் காக்னசி ஆசிரியரும் பாடம் எடுக்க முடியாது. மறுவருஷமே அறிக்கை வந்தது. மருந்துக்கு மத்தியச் சட்டம் வேண்டும், சோதனைக்கூடம் வேண்டும், மருந்தாளருக்கு முறையான படிப்பு வேண்டும் என்று அது சொன்னது. சட்டம் வருவதற்கு 1940 ஆகிவிட்டது. படிப்பு முந்திக்கொண்டது.

அதற்குக் காரணம் ஒரு தனி மனிதர். மகாதேவ லால் ஷ்ரோஃப், பீகாரின் தர்பங்காவில் 1902இல் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பியவர். மதன்மோகன் மாளவியாவின் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1932இல் பி.எஸ்சி.க்குள் மருந்து வேதியியலை ஒரு பாடமாக நுழைத்தார். 1937இல் அது மூன்று வருட பி.ஃபார்ம். பட்டமாகவே ஆனது. இந்தியாவின் முதல் பார்மசிப் பட்டம் அது. சங்கம் கட்டினார், 1939இல் பத்திரிகை ஆரம்பித்தார், பிற்பாடு பிலானியிலும் ஒரு பார்மசித் துறையை உருவாக்கினார். அவர் பிறந்த மார்ச் 6ஐத்தான் இன்று பார்மசிக் கல்வி தினமாகக் கொண்டாடுகிறோம். எங்கள் கல்லூரியிலும் ரங்கோலி, வினாடிவினா எல்லாம் நடக்கும். அவர் என்ன படித்தவர் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அவர் ரசாயனத்திலிருந்து வந்தவர். இந்தியாவின் முதல் பார்மசி வகுப்பு ஒரு ரசாயனக்காரரின் வகுப்பு. மருந்து கலக்குகிறவர் பக்கத்திலிருந்து வந்தது கிடையாது.

இங்கிலாந்தில் இது தலைகீழ். 1841இல் லண்டனில் மருந்துக் கடைக்காரர்களே கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். முன்னின்றவர் ஜேக்கப் பெல். அவரும் மருந்துக் கடைக்காரர், கடைக்காரரின் மகன். அடுத்த வருடமே புளூம்ஸ்பரி சதுக்கத்தில் தங்கள் பையன்களுக்காகப் பள்ளியையும் திறந்துவிட்டார்கள். அங்கே கவுண்டருக்குப் பின்னால் நின்றவன்தான் மேலே படித்துப் போனான். இங்கே கவுண்டர் ஒரு பக்கம், கல்லூரி இன்னொரு பக்கம்.

சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், 1946இல் வந்த போர் (Bhore) சுகாதாரக் குழுவின் அறிக்கை இந்தப் பிரிவை எழுத்திலேயே போட்டது. நாட்டுக்கு மூன்று ரகப் பார்மசிஸ்ட் வேண்டுமாம்: லைசென்ஷியேட், பட்டதாரி, தொழில்நுட்பர். கீழ்ப்படி கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும். மேல்படிகள் சோதனைக்கூடத்துக்கும் தொழிற்சாலைக்கும். இன்றைய டி.ஃபார்ம். டிப்ளமா, பி.ஃபார்ம். பட்டம் என்ற பிரிவின் வேர் அங்கேதான். காரியம் அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும். பட்டதாரிகள் கையளவு, ஆலைகள் எழும்ப வேண்டும், வெளிநாட்டு மருந்தை நம்பியிருந்த நாடு. ஆனால் படித்தவன் நோயாளியின் எதிரில் நிற்க வேண்டியதில்லை என்ற பழக்கமும் கூடவே ஊறிவிட்டது.

பார்மசிச் சட்டம் 1948இல் வந்தது. மறுவருடம் இந்தியப் பார்மசி கவுன்சில், 1953இல் முதல் கல்வி விதிகள். முதல் பதிவேட்டில் பட்டம் இல்லாத கம்பவுண்டர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்து வருடம் மருந்து கலந்த அனுபவம் இருந்தால் போதும். பெரியப்பா பெயர் அப்படித்தான் ஏறியது. அது நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். குறை 42ஆம் பிரிவில் இருக்கிறது. பதிவுபெற்ற பார்மசிஸ்ட் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்தோ எடுத்தோ கொடுக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவு. சட்டத்தின் உயிரே அதுதான். அதை எப்போதிலிருந்து அமல்படுத்துவது என்பதை அந்தந்த மாநிலம் தேதி குறித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பல மாநிலங்கள் குறிக்கவில்லை. கடைசியில் 1976இல் திருத்தம் போட்டு, எட்டு வருடம் பார்ப்போம், அதற்குள் தேதி குறிக்காத மாநிலத்தில் தானாக அமலாகும் என்றார்கள். ஆக 1948இல் எழுதிய பிரிவு முழு நாட்டுக்கும் செல்லுபடியானது 1984இல். ஒரு பார்மசிஸ்ட் படித்து, வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றுவிடக்கூடிய காலம்.

நான் கல்லூரியில் சேர்ந்தது அந்த இடைக்காலத்தில்தான், 1970களின் கடைசியில். டேப்லட் பஞ்சிங் மெஷினைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டோம். டிரையர், எவாபரேட்டர், ஃபில்டர் பிரஸ் எல்லாம் படம் வரைந்தோம். ஆஸ்பிரினில் ஆஸ்பிரின் எவ்வளவு என்று டைட்ரேட் செய்தோம். எட்டிக்கொட்டைப் பொடியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து அதன் மயிர்களை வரைந்தோம். இத்தனை வருடத்தில் ஒரு நோயாளியைக் கண்கொண்டு பார்க்கவில்லை. பத்தியம் என்ன, எந்த மாத்திரையோடு எது ஆகாது, கர்ப்பிணிக்கு எது கூடாது என்பதெல்லாம் மருந்தியல் பேப்பரில் ஒரு பத்தி. என்னோடு படித்தவர்கள் ஆலைக்குப் போனார்கள், சோதனைக்கூடத்துக்குப் போனார்கள், மெடிக்கல் ரெப்பாகப் பையைத் தூக்கினார்கள். கடைப்பக்கம் போனவர்கள் சிலர் சர்டிபிகேட்டை மட்டும் அனுப்பிவைத்தார்கள். லைசென்ஸ் ஃபார்ம் 20, 21க்குப் பக்கத்தில் சட்டம்போட்டு மாட்டிய சர்டிபிகேட் கவுண்டரில் நிற்கும். அதன் சொந்தக்காரர் வேறு ஊரில் இருப்பார்.

கள்ளம் பிடிக்கும் படிப்பு வீண் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருக்கிறது. இனிக்கும், தெளிவாக இருக்கும், சிரப் செய்யப் பயன்படும் கிளிசரினையும் புரோப்பிலீன் கிளைக்காலையும் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விலை குறைவு. உள்ளே போனால் சிறுநீரகம் நின்றுவிடும். 1937இல் அமெரிக்காவில் ஒரு சிரப்பில் இது கலந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1972இல் சென்னையிலேயே குழந்தைகள் செத்தார்கள். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அந்த மருந்தில் 48.6 சதவீதம் அந்த விஷம் இருந்தது. பாதிக்குப் பாதி. மூலப்பொருள் டிரம் ஆலைக்குள் வந்த அன்றே ஒரு சோதனை செய்திருந்தால் போதும். அந்தச் சோதனை ஐ.பி. என்ற இந்திய மருந்துத் தரநூலில் எழுதியிருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்குச் செய்யவும் தெரியும். அதனால்தான், அந்த இலைத் தீவுகளை எண்ணச் சொன்னதற்காக எந்த மாணவரிடமும் நான் வருத்தம் தெரிவித்ததில்லை.

2008இல் ஃபார்ம்.டி. என்று ஆறு வருடப் படிப்பு வந்தது. அதில் பிள்ளைகள் வார்டுக்குப் போகிறார்கள், டாக்டரோடு ரவுண்ட்ஸ் போகிறார்கள், நோயாளியின் கட்டிலருகே நின்று என்னென்ன மாத்திரை ஒன்றோடொன்று மோதுகிறது என்று குறிக்கிறார்கள். ஷ்ரோஃப் பாடத்தை நுழைத்து எழுபத்தாறு வருடம் கழித்துப் பல்கலைக்கழகம் நோயாளியைக் கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் வெளியே வந்தபிறகு அவர்களுக்கென்று அரசு ஆஸ்பத்திரிகளில் போதுமான பணியிடம் இல்லை. நிறையப் பேர் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகக் கணினியில் பக்கவிளைவுத் தகவல் பதிகிறார்கள். மீண்டும் நோயாளி இல்லாத அறை. டி.ஃபார்ம். படித்தவர்தான் இன்றும் கவுண்டரில் நிற்க வேண்டியவர். அவருடைய இரண்டு வருடப் படிப்புக்குப் பிறகு 500 மணி நேரப் பயிற்சி என்று விதி இருக்கிறது. அந்த 500 மணி நேரம் பல இடங்களில் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது.

பெரியப்பா போன்ற ஆட்கள் செய்த வேலையை, மருந்தைக் கையில் கொடுத்து இப்படிச் சாப்பிடு என்று முகம் பார்த்துச் சொல்லும் வேலையை, யாருக்கு என்று இந்தப் படிப்பு இன்னும் முடிவு செய்யவில்லை. கவுன்சில் முடிவு செய்யட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை மருந்துக் கடைக்குப் போகும்போது சுவரில் மாட்டியிருக்கும் சர்டிபிகேட்டில் உள்ள பெயரைப் படியுங்கள். அவர் உள்ளே இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால், வாங்கிய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு ஒத்துப்போகுமா என்று அவரிடமே கேளுங்கள். பதில் சொல்வது அவருக்குச் சட்டம் கொடுத்த வேலை.